ஆய்வில் இளையோரின் உரிமை

தோட்ட மண்டபத்திற்கு ஆய்வுக் குழுவினர் வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். இளையோரின் உயரத்தையும் எடையையும் அளந்து, சிறிது இரத்தமும் எடுக்க வேண்டும் என்கின்றனர். தந்தை ஒப்புதல் பாரத்தில் கையொப்பமிடுகிறார். பதினைந்து வயது மகனோ, "அப்பாவே ஒப்புக்கொண்டுவிட்டார், இனி நான் மறுக்க முடியாது" என்றெண்ணிக் கையை நீட்டுகிறான். இவ்வெண்ணம் தவறானது.

சிகிச்சை வேறு, ஆய்வு வேறு. சிகிச்சை நோயாளியின் நலனுக்காகவே அளிக்கப்படுவது. ஆய்வோ பிற்காலத்தில் பலருக்கும் பயன்படக்கூடிய அறிவைத் தேடுவது. பங்குபெறுபவருக்கு அதனால் நேரடிப் பயன் கிட்டாமலும் போகலாம். ஆகவேதான் அவரது விருப்பம் இன்றியமையாததாகிறது.

நாஜி மருத்துவர்கள் கைதிகள்மீது நடத்திய கொடிய சோதனைகளை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றம், தன்விருப்பமான ஒப்புதலே முதல் நிபந்தனை என 1947இல் வகுத்தது. 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை ஏற்றது. தன் கருத்தைக் கூற இயன்ற சிறுவரிடம், பெற்றோரின் ஒப்புதலோடு அவரது இசைவையும் பெற வேண்டும். அவர் மறுப்பின் அம்மறுப்பை மதிக்க வேண்டும் என்பது அப்பிரகடனத்தின் இன்றைய விதியாகும்.

மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறைந்தவரே வயதுவந்தவர். அதற்குட்பட்டோருக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் தேவை. மருந்துச் சோதனைகளுக்கான மலேசிய வழிகாட்டி நெறிகள் 1999இல் முதன்முதலாக வெளிவந்தன. அவற்றின்படி, இளையோருக்கு அவர்கள் புரிந்துகொள்ளும் அளவிற்கு விளக்கம் தரப்படவேண்டும். இயலுமாயின் அவர்களும் கையொப்பமிட வேண்டும். பெற்றோர் எழுதப் படிக்க அறியாதவராயின், நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். கையொப்பமிட்ட பாரத்தின் பிரதி ஒன்று குடும்பத்தாரிடம் கொடுக்கப்பட வேண்டும். இடையில் எப்போது விலகினாலும், அவருக்குரிய சிகிச்சை குறையலாகாது.

ஆகவே, இளைஞர்களே! ஒப்புக்கொள்ளுமுன் தயங்காது கேளுங்கள்: இவ்வாய்வு எதற்காக? என்னை என்ன செய்வார்கள்? வலியோ தீங்கோ நேருமா? என் பெயரையும் விவரங்களையும் யார் பார்ப்பார்கள்? பாரம் விளங்காத மொழியில் இருந்தால், தமிழில் விளக்குமாறு கேளுங்கள். இவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவாகாது.

பெற்றோர்களே! கையொப்பமிடுமுன் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டறியுங்கள். ஆய்வுகளால் நோய்களை வெல்லும் வழி பிறக்கிறது. அவற்றுக்குத் துணைநிற்பது நற்பணியே. ஆயினும், அது பிள்ளை அறிந்து, மனமுவந்து செய்யும் பணியாக இருத்தல் வேண்டும்.