பருவமும் பித்தளையும்

பிரித்தானிய இந்தியப் படையினரிடமிருந்த, ஒருமுறையேனும் சுடப்படாத தோட்டாக்களின் பித்தளைக் கோதுகள் கழுத்துப் பகுதியிற் பிளவுற்றிருக்கக் காணப்பட்டன. மழைக்காலத்தில் இது மிகுந்தமையால் ‘பருவப் பிளவு’ எனப் பெயர் பெற்றது. அப்பெயர் காலநிலையையே குற்றவாளியாக்கியது.

உண்மையில் காரணம் இருமுகப்பட்டது. ஏறத்தாழ 70 வீதம் செம்பும் 30 வீதம் நாகமும் கலந்த பித்தளை, குளிர்நிலையில் இழுத்து உருவாக்கப்படுகையில் வன்மையடைகின்றது. அதனுள்ளே தகைப்பு எஞ்சி நிற்கின்றது. சன்னத்தை இறுகப் பற்றும் கழுத்தில் அது மேலும் கூடுகின்றது. மழைக்காலத்தில் தோட்டாக்கள் வைக்கப்பட்ட குதிரை லாயங்களிலோ, சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா ஈரக்காற்றிற் கலந்திருந்தது. அது தகைப்புற்ற உலோகத்தின் நுண்மணிகளுக்கிடையே ஊடுருவிப் பிளந்தது. தகைப்பு இன்றேல் இப்பிளவும் இல்லை. 1921 இல் மூர், பெக்கின்சேல், மலின்சன் ஆகியோர் இதனை விளக்கினர். மிதமாகச் சூடாக்கித் தகைப்பைத் தணித்தலே பரிகாரமாயிற்று.

இன்று கோதுகளை மீள நிரப்பிச் சுடுவோரும் கழுத்தைச் சூடாக்குகின்றனர். பலமுறை சுட்டு வன்மையேறிய கழுத்து சன்னத்தைச் சீராகப் பற்றாது. வேகம் வேறுபட, குறியும் சிதறும். மிகையாகச் சூடாக்கினாலோ கழுத்து மென்மையுற்றுப் பிடிப்புத் தளரும்.

ஆக, வானிலையைப் பழிப்பது விளக்கமாகாது. உற்பத்திமுறையை வினவியபோதே தீர்வு பிறந்தது. அதே ஆட்சியின் பஞ்சங்களையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். 1876–78 இல் மழை பொய்த்தது மெய். தானிய ஏற்றுமதி நிற்கவில்லை என்பதும் மெய்.