ஸ்டெதஸ்கோப்பை அழுத்தக் கூடாது

எங்கம்மாவுக்கு ரெண்டு வருஷமா மூச்சு வாங்கல். முதலில் பார்த்த டாக்டர் வீசிங் என்று இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். புடவைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை நாலு இடத்தில் வைத்து எடுத்ததோடு சரி. அப்புறம் மேற்குத் தாம்பரத்தில் வயசான டாக்டர் ஒருவரிடம் போனோம். அம்மாவை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மூச்சை விட்டு நிறுத்தச் சொல்லி, இரண்டு மூன்று தடவை கேட்டார். "சின்ன வயசுல மூட்டு வீங்கி ஜுரம் வந்துச்சாம்மா?" வந்திருக்கிறது. எக்கோவில் தெரிந்தது: மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது.

ஒரு காதால் இதை எப்படிக் கண்டுபிடித்தார்? நான் சாஃப்ட்வேர்காரன், டாக்டர் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இதயப் பரிசோதனையில் ஸ்டெதஸ்கோப் கடைசியில்தான் வரும். முதலில் பார்க்கணும்: 45 டிகிரி சாய்வில் கழுத்துச் சிரை எவ்வளவு உயரம் வரை துடிக்கிறது என்று. அடுத்து தொடணும். உங்கள் நெஞ்செலும்பில் மேலிருந்து விரலை இறக்குங்கள், ஒரு மேடு தட்டும். அதன் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா எலும்பு. அங்கிருந்து எண்ணி, இடப்பக்கம் ஐந்தாவது இடுக்கில், காறை எலும்பின் நடுவுக்கு நேர் கீழே இதயத்தின் நுனி துடிக்கும். இதயம் பெருத்தால் அந்தத் துடிப்பு வெளிப்பக்கமாக நகரும்.

கேட்கும் இடம்தான் எனக்கு ஆச்சரியம். நாலு வால்வும் நெஞ்செலும்புக்குப் பின்னால் நெருக்கமாக இருக்கின்றன. ஆனால் சத்தம் ரத்தம் போகும் திசையில் பயணிக்கிறது. அதனால் அயோர்டிக் வால்வை வலப்பக்கம் இரண்டாவது இடுக்கிலும், மைட்ரலை இதய நுனியிலும் கேட்கணும். சர்வர் ஓரிடம், லாக் வேறிடம் மாதிரி.

சுருங்கிய மைட்ரல் வழியாக ரத்தம் கீழறைக்கு இறங்கும்போது மிகத் தாழ்ந்த உறுமல் வரும். லப்-டப் முடிந்த இடைவெளியில். ஒருக்களித்தால் இதயம் மார்புச் சுவரை நெருங்கும், மூச்சை விட்டால் நடுவில் நுரையீரல் குறையும். ஸ்டெதஸ்கோப்பின் சின்ன கிண்ணப் பக்கத்தை லேசாக வைக்கணும். அழுத்தினால் தோலே இழுபட்டு டயஃப்ரம் ஆகிவிடும், தாழ்ந்த சத்தம் வடிகட்டப்பட்டுவிடும். டாக்டர் என்னிடமும் கொடுத்துக் கேட்கச் சொன்னார். நான் அழுத்தினேன், லப்-டப் மட்டும்தான் கேட்டது.

வால்வு அடைபட்டதால் ரத்தம் நுரையீரலில் தேங்குகிறது, அதனால்தான் மூச்சு வாங்கல். ஆஸ்துமாவாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

1816-ல் பாரிஸில் காகிதத்தைச் சுருட்டி ஸ்டெதஸ்கோப்பைத் தொடங்கி வைத்த லேனெக்கே இரண்டாம் சத்தம் மேலறை சுருங்குவதால் வருகிறது என்று தவறாக நினைத்தார். உண்மையில் அது வால்வுகள் மூடும் சத்தம். காசநோயில் 1826-ல் இறந்தார். அதே நோய்க்காக 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கியதுதான் நம்ம தாம்பரம் சானடோரியம்.

அம்மாவுக்கு பலூன் செலுத்தி வால்வை விரிக்க அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.