தவிலுக்கு ஓர் எண் வேண்டும்

பேரிகை என்றால் முரசு. ஓசூர்ப் பக்கம், கர்நாடக எல்லையோரம் அந்தப் பெயரில் ஓர் ஊரே இருக்கிறது. அங்கே ஒரு திருவிழா மேடை என்று வையுங்கள். கீபோர்டு வாசிப்பவர், பாட்டின் மிடி கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்திருக்கிறார். மேடையில் கிடைத்ததோ வேறு கம்பெனிக் கருவி. தாளம் பிசகவில்லை, சுரம் தப்பவில்லை. ஆனால் தம்புரா வரவேண்டிய இடத்தில் சிதார் கேட்கிறது.

கோப்பில் கோளாறு இல்லை. மிடி கோப்புக்குள் ஒலியே கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எந்த வாத்தியம் என்ற எண்கள்தாம் உண்டு. 1983-இல் அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்கியூட்ஸ் கருவியும் ஜப்பானின் ரோலண்ட் கருவியும் ஒரே கம்பி வழியே பேசிக்காட்டியபோது இந்த மொழி பிறந்தது. எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்பது மட்டும் அவரவர் இஷ்டமாக இருந்தது. 1991-இல் வந்த ஜெனரல் மிடி அதை ஒழுங்குபடுத்தியது. மொத்தம் 128 குரல்கள்: 1 என்றால் பியானோ, 105 சிதார், 112 ஷெனாய்.

128 போதவில்லை. ரோலண்ட் அதே ஆண்டில் ஜிஎஸ் என்றும், யமஹா 1994-இல் எக்ஸ்ஜி என்றும் சொந்த விரிவுகளைக் கொண்டுவந்தன. ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் 'பேங்க்' என்ற மாடிகளைக் கட்டின. யமஹா, சிதாரின் மாடியில் தம்புராவையும் ஷெனாயின் மாடியில் மகுடியையும் குடிவைத்தது. மாடி எண்ணை ஜிஎஸ் 0-ஆம் கன்ட்ரோலரில், அதாவது கட்டுப்பாட்டுக் கட்டளையில், எழுதும். எக்ஸ்ஜி 32-ஆம் கன்ட்ரோலரில் எழுதும். ஒருவர் எழுதிய விலாசம் மற்றவருக்குப் புரியாது. அதனால்தான் தம்புரா கீழிறங்கிச் சிதாராகிறது.

எதிரொலி போன்ற நுட்பங்களுக்குத் தனிச் செய்திகள் உண்டு. 240-இல் தொடங்கி 247-இல் முடியும் அந்தச் செய்தியில் இரண்டாவதாக வருவது கம்பெனியின் அடையாள எண். ரோலண்டுக்கு 65, யமஹாவுக்கு 67. தனக்கில்லாத செய்தியைக் கருவி பேசாமல் விட்டுவிடும். அவரவர் இஷ்டப்படி விரிவாக்கியும் பாட்டு நின்றுபோகாததற்கு இந்த நாகரிகமே காரணம். இதை வகுத்தவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

பொதுப் பட்டியல்தான் மனதை உறுத்துகிறது. ஜப்பானின் ஷாமிசென், கோட்டோ, ஷாகுஹாச்சி, டைக்கோ முரசு என நான்கு அதில் இருக்கின்றன. வீணை இல்லை, நாகசுரம் இல்லை, மிருதங்கம் இல்லை, தவில் இல்லை. 1999-இல் 256 குரல்களாகப் பெருகிய இரண்டாம் பட்டியலிலும் இவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை. இந்தியாவுக்கென்றே விற்கும் கீபோர்டுகளில் தபலாவும் தம்புராவும் வருகின்றன. ஆனால் அவை அந்தந்தக் கம்பெனியின் மாடியிலேயே அடைபட்டவை. ஒன்றுக்காகச் சேர்த்த கோப்பு இன்னொன்றில் அப்படியே ஒலிக்காது.

2020-இல் மிடி 2.0 வந்துவிட்டது. எந்தக் கம்பெனியானாலும் சேர்ந்து கடைப்பிடிக்கத்தக்க பொது ஒப்பந்தங்களை எழுத அதில் வழியும் இருக்கிறது. நம் இசைப் பல்கலைக்கழகமும் மின்னணுப் பொறியாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து, தவிலுக்கும் நாகசுரத்துக்கும் பொது எண் கேட்டு எழுத வேண்டும்.