பேஸ்மேக்கர் கம்பியை எங்கே பொருத்துவது?

எங்க கான்சாபுரம் பக்கம் யாருக்காவது பேஸ்மேக்கர் வைக்கணும்னா, அநேகமா மதுரைக்குத்தான் போவாங்க. திரும்பி வந்ததும் ஊர்ல கேட்கிற கேள்வி ரெண்டு: எவ்வளவு செலவாச்சு? பேட்டரி எத்தனை வருஷம் வரும்? கேட்கவேண்டிய மூணாவது கேள்வி ஒண்ணு இருக்கு: கம்பியோட நுனியை இதயத்துல எந்த இடத்துல பொருத்தினாங்க?

1958-இல் ஸ்வீடனில் அர்னே லார்சன் என்பவருக்குத்தான் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். சில மணி நேரமே அது ஓடியது. அதன் பிறகு பேட்டரியின் ஆயுள் கூடியது, பெட்டி சிறுத்தது. ஆனால் கீழறைக்குப் போகும் கம்பியின் நுனி, பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் வலது கீழறையின் தசையில்தான் இருந்தது.

அதனால் என்ன? இதயத்துக்குள் இயற்கையாகவே ஒரு மின் பாதை உண்டு. பிளவக்கல் அணைத் தண்ணி வாய்க்கால் வழியா வந்தா எல்லா வயலுக்கும் சீக்கிரம் பாயும். வாய்க்காலை விட்டுட்டு மூலை வயல்ல திறந்துவிட்டா, வரப்பு வரப்பா ஏறித்தான் போகணும். கடைசி வயலுக்கு நேரமாகும். தசையில் கொடுக்கும் மின்துடிப்பும் அப்படித்தான். வலது பக்கம் முதலில் சுருங்கும், இடது பக்கம் பிந்தும். வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் சிலருக்கு இதயம் பலவீனமாகிவிடுகிறது.

அப்ப வாய்க்காலிலேயே விட்டா என்ன? 2000-இல் அமெரிக்காவில் பிரமோத் தேஷ்முக் குழுவினர், அந்தப் பாதையின் தொடக்கமான ஹிஸ் கற்றையில் கம்பியை நிரந்தரமாகப் பொருத்திக் காட்டினார்கள். ஆனால் அந்த இடம் மிகச் சிறியது, பிடிப்பது கஷ்டம். 2017-இல் சீனாவின் ஹுவாங் வெய்ஜியான் குழு இன்னொரு வழியை வெளியிட்டது: வலது பக்கமிருந்து இடைச்சுவருக்குள் கம்பியைத் திருகி, பாதையின் இடது கிளையைத் தொடுவது.

எங்கே நிறுத்துவது என்பதுதான் இதில் சிக்கல். குறைவாகத் திருகினால் கிளை எட்டாது. கூடினால் சுவரைத் துளைத்துவிடும். திருகும்போது ஈசிஜியில் தோன்றும் சில தனித் துடிப்புகளின் வடிவத்தை வைத்தே, நுனி இடது கிளையை எட்டிவிட்டதை அறியலாம் என்று எழுதியவர்களில் முக்கியமானவர், மதுரை வேலம்மாள் மருத்துவமனையின் டாக்டர் சண்முகசுந்தரம் பொன்னுசாமி. நம்ம பக்கத்து ஊர் வேலை!

ஏற்கெனவே பழைய முறையில் வைத்தவர்கள் பயப்பட வேண்டாம். பலருக்கு அது நன்றாகவே ஓடுகிறது. மருத்துவர் சொல்கிறபடி எக்கோ பார்த்துக்கொண்டால் போதும். புதிதாக வைக்கப்போகிறவர்கள், குறிப்பாக நாள் முழுக்கக் கருவியை நம்பியே கீழறை துடிக்கவேண்டிய நிலையில் இருப்பவர்கள், அந்த மூணாவது கேள்வியை ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.