எண்ணெய் எடுக்க ஒரு காற்றாலை (தொடர் – 9)

கடல் காற்றாலை என்றால் கடல்தரையில் தூண் நட்டு நிற்பது என்றே இதுவரை பார்த்துவந்தோம். நார்வே கரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி, வடகடலில் 260 முதல் 300 மீட்டர் ஆழத்தில் தூண் நடுவது நடக்கிற காரியமல்ல. அங்கே 11 காற்றாலைகள் மிதக்கின்றன. அடிப்பாகம் கனத்த நெடிய கான்கிரீட் உருளை. அதன் மேல் காற்றாலை. உருளையைச் சங்கிலிகள் கடல்தரையோடு பிணைத்திருக்கின்றன. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை கவிழாமல் நிற்கும் அதே சூட்சுமம்தான். ஹைவிண்ட் டாம்பென் என்று பெயர். திறன் 88 மெகாவாட். 2023 ஆகஸ்டில் முறைப்படி திறந்தபோது உலகிலேயே பெரிய மிதக்கும் காற்றாலைப் பண்ணை அதுதான். இயக்குவது எக்வினார். நார்வே அரசு 67 சதவீதப் பங்கு வைத்திருக்கும் இந்த நிறுவனத்தின் பழைய பெயர் ஸ்டாட்ஆயில். 2018-இல் பெயரிலிருந்து மட்டும் ஆயிலை இறக்கிவிட்டார்கள்.

இந்த மின்சாரம் எந்த ஊருக்கும் போவதில்லை. ஸ்னோர, குல்ஃபாக்ஸ் எண்ணெய் வயல்களில் உள்ள ஐந்து மேடைகளின் ஆண்டுத் தேவையில் 35 சதவீதம் அளவுக்கு ஈடுசெய்யத்தான் இத்தனை ஏற்பாடும். நார்வேயின் நிலப்பகுதி பெரும்பாலும் நீர்மின்சாரத்தில் ஓடுகிறது. கடல் மேடைகளோ தாங்கள் எடுக்கும் எரிவாயுவையே எரித்து மின்சாரம் செய்துகொள்கின்றன. நாட்டின் கார்பன் உமிழ்வில் ஏறத்தாழ கால் பங்கு எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் வேலையிலேயே போய்விடுகிறது. அதற்கு 1991 முதல் கார்பன் வரியும் உண்டு. காற்றாலை வந்தால் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் கரியமில வாயு குறையும் என்கிறது நிறுவனம். கணக்கில் பொய் இல்லை. ஆனால் அது மேடையின் விளிம்போடு நின்றுவிடுகிறது. மேடையில் எரியாமல் மிஞ்சிய எரிவாயுவுக்கு வரி இல்லை, சந்தையில் விலை உண்டு. வாங்கியவர் வீட்டில் அது எரியத்தான் போகிறது. எண்ணெய் வெளியிடும் கார்பனிலும் பெரும்பங்கு வண்டியின் எஞ்சினில்தான் வெளியாகிறது. எடுக்கும் விதத்தைச் சுத்தமாக்கிவிட்டு, எடுத்த பொருளுக்கும் 'குறைந்த கார்பன்' என்ற பெயரைப் பூசுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

நார்வே எரிவாயு இல்லாவிட்டால் ஐரோப்பா நிலக்கரியை எரிக்கும் என்பார்கள். 2022-இல் ரஷ்யக் குழாய்கள் அடைபட்டபின் ஐரோப்பாவுக்கு அதிக எரிவாயு தந்த நாடு நார்வே. அந்த அளவில் வாதம் சரி. எண்ணெய்க்கு அது பொருந்தாது. இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது: மிதக்கும் காற்றாலைக்கு விலை அதிகம், அந்த விலையைத் தாங்கும் முதல் வாடிக்கையாளராக எண்ணெய் மேடை இருந்துவிட்டுப் போகட்டுமே, கற்ற வித்தை பிறகு எல்லோருக்கும் உதவுமே என்பது. இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2017-லேயே ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் அருகே இதே நிறுவனம் 30 மெகாவாட் மிதக்கும் பண்ணை அமைத்து, பொது மின்கட்டத்துக்கே மின்சாரம் அனுப்பிக் காட்டியது. டாம்பெனுக்கு நார்வேயின் எனோவா அமைப்பு தந்த 230 கோடி குரோனர் பொதுப்பணம் என்பதையும் மறக்க வேண்டாம்.

வித்தை கற்றவர் அடுத்து எதில் பணம் போடுகிறார் என்று பார்த்தால் போதும். 2030-க்குள் முதலீட்டில் பாதியைப் புதுப்பிக்கத்தக்க, குறைந்த கார்பன் தொழில்களில் போடுவோம் என்ற இலக்கை 2025 பிப்ரவரியில் எக்வினார் கைவிட்டது. 2030-இல் எண்ணெயும் எரிவாயுவுமாக நாளொன்றுக்கு 22 லட்சம் பீப்பாய் எடுக்கப்போவதாகச் சொன்னதும் அதே அறிவிப்பில்தான்.