கண்ணுக்குத் தெரியாத புகை

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் நெடுஞ்சாலையோர பெட்ரோல் பங்க்குகள் பலவற்றில், டீசல் பம்புக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் கேன்களை அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். சில பங்க்குகளில் அதற்கென்று தனிக் குழாயே உண்டு. லாரி டிரைவர்கள் அதை டெஃப் என்பார்கள், ஆட் ப்ளூ என்பார்கள், சிலர் யூரியா என்றே கேட்டு வாங்குவார்கள். புது லாரிகளுக்கு டீசலைப் போலவே இதுவும் கட்டாயத் தேவை. பத்து வருஷத்துக்கு முன்னால் லாரித் தொழிலில் இருந்தவர்களில் பலர் இதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நூற்றுக்கு 32.5 பங்கு சுத்தமான யூரியா, மீதி தாது உப்பு நீக்கிய தண்ணீர். டெஃப் என்பது அவ்வளவுதான். டீசலோடு கலக்கக் கூடாது. லாரியின் பக்கவாட்டில் நீல மூடி போட்ட தனி டேங்க்கில்தான் ஊற்ற வேண்டும். எஞ்சினிலிருந்து வரும் சூடான புகையின் மீது வண்டியின் கம்ப்யூட்டர் இந்தத் திரவத்தைத் துளித்துளியாகப் பீய்ச்சும். அந்தச் சூட்டில் யூரியா சிதைந்து அமோனியா ஆகும். சைலன்சருக்குள் இருக்கும் வினையூக்கியின் மேல் அந்த அமோனியா, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து அவற்றை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். 100 லிட்டர் டீசலுக்குச் சுமார் 5 லிட்டர் டெஃப் செலவாகும்.

எதற்காக இவ்வளவு ஏற்பாடு? டீசல் எஞ்சினுக்குள் அழுத்தமும் வெப்பமும் மிக அதிகம். அந்தச் சூட்டில், நாம் சுவாசிக்கும் காற்றிலேயே இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒன்று சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. எரிபொருள் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் இது நடக்கும். இந்த வாயுக்கள் நுரையீரலின் காற்றுப் பாதைகளைப் புண்படுத்துபவை. வெயிலில் மற்ற வாயுக்களோடு வினைபுரிந்து தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குபவை. தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் பழைய லாரி ஒன்று கக்கும் கரும்புகையைப் பார்த்து நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அந்தக் கரியும் பொல்லாததுதான். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இலேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. ஆனால் சைலன்சர் முனையில் நைட்ரஜன் ஆக்சைடுகளை நம் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. புகையே இல்லாமல் போகும் லாரியும் அவற்றை ஏராளமாக வெளியே விட்டுக்கொண்டு போகலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா, வண்டிப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் விதிகளில் பிஎஸ்4-இலிருந்து பிஎஸ்5-ஐத் தாண்டி நேரடியாக பிஎஸ்6-க்குப் போனது. டீசலில் கந்தகத்தின் அளவு கிலோவுக்கு 50 மில்லிகிராமிலிருந்து 10 ஆகக் குறைந்தது. கனரக வண்டிகளின் எஞ்சின்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு ஒரு கிலோவாட்-மணிக்கு 3.5 கிராமிலிருந்து 0.4 கிராம் ஆனது. டீசல் கார்களுக்கு அது கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08 கிராமாக இறங்கியது. ஐரோப்பா பல வருஷங்கள் எடுத்துக்கொண்ட பயணத்தை நாம் ஒரே பாய்ச்சலில் முடித்தோம். எண்ணெய் நிறுவனங்கள் சுத்திகரிப்பு ஆலைகளை மாற்றியமைத்தன, வண்டிக் கம்பெனிகள் எஞ்சினை மாற்றின, வாங்கியவர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். உண்மையிலேயே பெரிய சாதனை இது. ஆனால் இந்த எண்கள் எல்லாம் வண்டி ஷோரூமிலிருந்து வரும் நாளின் எண்கள். ஐந்தாம் வருஷமும் அவை அப்படியே இருக்குமா என்பது வண்டியை வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. இந்தப் பொறுப்பைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவே இல்லை என்பதுதான் என் கவலை.

டெஃப் தீரப்போகிறது என்றால் முதலில் மீட்டர் போர்டில் விளக்கு எரியும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் இழுவை குறையும். அதற்கும் அசையாவிட்டால், வண்டியை ஊர்ந்துபோகும் வேகத்துக்குக் கம்ப்யூட்டரே கட்டிவிடும். சரக்கைக் குறித்த நேரத்தில் இறக்கியாக வேண்டிய டிரைவருக்கு இது பெரும் நெருக்கடி. இந்த நெருக்கடியைக் காட்டித்தான் ஒரு கள்ள வழி விற்பனையாகிறது. கைக்குள் அடங்கும் ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டியை வயரிங்கில் செருகிவிட்டால் போதும். டேங்க் நிறைய டெஃப் இருக்கிறது, எல்லாம் சரியாக நடக்கிறது என்று அது கம்ப்யூட்டரை நம்பவைத்துவிடும். பிறகு ஒரு சொட்டு டெஃப் இல்லாமலே லாரி ஓடும்.

இதில் வெளியே தெரியாத கேடு ஒன்று உண்டு. எஞ்சினுக்குள் வெப்பம் கூடினால் மைலேஜ் கூடும், நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். பின்னால் டெஃப் அதைச் சுத்தப்படுத்திவிடும் என்ற நம்பிக்கையில், மைலேஜுக்காக எஞ்சினை அந்தப் பக்கம் சாய்த்தே பொறியாளர்கள் அமைத்திருக்கிறார்கள். அந்தச் சுத்திகரிப்பை மட்டும் நிறுத்திவிட்டால், எஞ்சினில் உண்டாகும் நஞ்சு முழுவதும் அப்படியே வெளியே வரும். மைலேஜ் லாபம் முதலாளிக்கு, நைட்ரஜன் ஆக்சைடு சாலையோரத்து டீக்கடைக்காரருக்கும், சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கும், டோல்கேட் ஊழியருக்கும்.

இதைப் புகைப் பரிசோதனை பிடித்துவிடாதா? பிடிக்காது. நம் ஊர் புகைப் பரிசோதனையில் டீசல் வண்டிக்கு என்ன செய்கிறார்கள் என்று ஒருமுறை நின்று பாருங்கள். சைலன்சருக்குள் ஒரு குழாயைச் செருகுவார்கள். டிரைவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து எஞ்சினை ரேஸ் செய்வார். வெளியே வரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று கருவி காட்டும். மொத்தச் சோதனையும் இவ்வளவுதான். பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்ப்பார்கள். நைட்ரஜன் ஆக்சைடு இரண்டிலும் இல்லை. ஆகவே கள்ளப் பெட்டி மாட்டிய லாரி எந்தச் சிரமமும் இல்லாமல் சான்றிதழ் வாங்கிவிடும். மாசு விதிகளை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அளக்காத நஞ்சுக்கு யார் அபராதம் விதிப்பது?

2015 செப்டம்பரில் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி மாட்டிக்கொண்டதும் இதே நைட்ரஜன் ஆக்சைடு விஷயத்தில்தான். சோதனைக்கூடத்தில் மட்டும் சுத்தமாக ஓடி, சாலையில் வரம்பை மீறும்படி மென்பொருள் எழுதியிருந்தார்கள். உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி வண்டிகளில் அது இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. வண்டிகளைச் சாலையில் ஓட்டி, புகையை அங்கேயே அளந்து பார்த்ததில்தான் சந்தேகம் பிறந்தது. இந்தியாவிலும் 2023 ஏப்ரல் முதல் புது வண்டிகளைச் சாலையில் ஓட்டி அளக்கும் விதி வந்துவிட்டது. நல்லது. ஆனால் அது கம்பெனிகளுக்கான விதி. ஏற்கெனவே சாலையில் ஓடும் வண்டிகளைத் தொடுவதில்லை.

கள்ளப் பெட்டியைப் போல இன்னொரு தவறு, மலிவு டெஃப். வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்துக் கேனில் அடைத்து விற்கிறார்கள். விவசாய யூரியாவில் பையூரெட் என்ற சேர்மம் நூற்றுக்கு 1.5 வரை இருக்கலாம்; டெஃப்புக்கு அனுமதி 0.3 மட்டுமே. போதாததற்கு, 2015 முதல் நம் நாட்டு விவசாய யூரியா கிட்டத்தட்ட முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. டெஃப்பைப் பீய்ச்சும் நாசிலின் துவாரம் மிகச் சிறியது. இந்தக் கசடு அதில் படிந்து அடைத்துக்கொள்ளும், வினையூக்கியும் கெட்டுப்போகும். ஒரு கேனில் மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கு பட்டறையில் செலவாகும். இது வண்டிக்காரரின் நஷ்டம் மட்டுமல்ல. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கு விவசாயிக்குக் கிடைக்க அரசு மானியம் கொடுக்கிறது. சம்பா நடவு நேரத்தில் யூரியாவுக்காக டெல்டாவில் விவசாயி அலையும்போது, அதே மூட்டை லாரி சைலன்சரில் ஆவியாகப் போவதைத் திருட்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

நல்ல டெஃப்பை வாங்கினாலும் வைத்துக்கொள்ளும் முறை முக்கியம். 30 டிகிரி வெப்பத்தில் அது சுமார் ஒரு வருஷம் தாங்கும்; 35 டிகிரியில் ஆறு மாதம்தான். நம் ஊர் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கேனை அடுக்கி வைத்தால் அதன் ஆயுள் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கேனில் தயாரிப்புத் தேதி பார்த்து வாங்க வேண்டும். டீசலுக்குப் பயன்படுத்திய புனலை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. கொஞ்சம் டீசல் கலந்தாலே டெஃப் பம்பின் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். நீல மூடியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது போல இருந்தால் பயப்பட வேண்டாம். சிந்திய யூரியா காய்ந்தது அது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும். பைப் இணைப்புகளில் அதே வெள்ளைப் படிவம் தெரிந்தால் அங்கே கசிவு இருக்கிறது, பார்க்க வேண்டும்.

லாரி நம் வீட்டு விஷயமில்லை என்று நினைக்கும் டீசல் கார்க்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிஎஸ்6 டீசல் காரின் சைலன்சர் பாதையில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. கரி சேர்ந்ததும் கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கி, கரியை எரித்து வாயுவாக்கிவிடும். அதற்குக் காரை நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட்ட வேண்டும். பள்ளிக்கூடம், மார்க்கெட், அலுவலகம் என்று தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரில் இது பாதியிலேயே நின்றுபோகும். நின்ற இடத்தில் ஐடிலிங் வழக்கத்தை விடக் கூடியிருந்தால், ரேடியேட்டர் ஃபேன் இரைந்து ஓடினால், வடிகட்டிக்குள் கரி எரிப்பு நடக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பி அணைக்காமல் இன்னும் கொஞ்சம் தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள். காய்ந்த புல், சருகு மேல் நிறுத்தவும் கூடாது.

மறுபடி மறுபடி பாதியில் அணைத்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துவிட்டுப் பார்த்தால் ஆயில் அளவு ஏறியிருக்கும். ஆயில் குறைவதைப் பார்த்துப் பழகியவர்கள் அது கூடியிருந்தால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அது ஆபத்தின் அறிகுறி. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. ஆயில் மாற்றும்போதும் கம்பெனி சொன்ன, சாம்பல் குறைந்த ரகத்தையே ஊற்ற வேண்டும். கரி எரிந்துவிடும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கி அதை அடைத்துவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீராக ஓட்ட முடியாதவர்கள் டீசல் கார் வாங்காமல் இருப்பதே நல்லது. என் தீர்மானமான கருத்து இது. டீலர்கள் இதை விற்கும்போதே சொல்ல வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் வண்டி வழியில் நின்றுவிடலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழையுங்கள். லாரியைக் கட்டி இழுப்பதற்கு முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் சுழலும்போது கியர்பாக்ஸின் உள்பகுதியும் ஆயில் இல்லாமல் சுழன்று தேய்ந்துவிடும். ஏர் டேங்க்கில் காற்று இறங்கிவிட்டால் பின் பிரேக் தானாகவே இறுகிக்கொள்ளும், அதை விடுவிக்காமல் இழுத்தால் டயர் தேய்ந்து புகையும். ஆட்டோமேட்டிக் காரை மேடை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

மறுபடி புகைப் பரிசோதனைக்கு வருவோம். நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-இல் டீசல் வண்டிகளின் கட்டாயப் பரிசோதனையில் நுண்துகள்களை எண்ணும் கருவியைக் கொண்டுவந்துவிட்டன. பெல்ஜியம் அதற்கு முந்தைய வருஷமே தொடங்கிவிட்டது. ஒளி மறைப்பை வைத்து அளக்கும் பழைய கருவிக்கு, வடிகட்டி உடைந்த காரையும் நல்ல காரையும் பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை என்பதால்தான் இந்த மாற்றம். நம் புகைப் பரிசோதனை நிலையங்களும் அங்கே போக வேண்டும். அதுவரை, நெடுஞ்சாலையில் லாரியை நிறுத்தும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் சான்றிதழோடு நின்றுவிடாமல், நீல மூடியைத் திறந்து டேங்க்கைப் பார்க்கட்டும். வயரிங்கில் அந்நியப் பெட்டி இருக்கிறதா என்று தேடட்டும். டெஃப் வாங்கிய பில்லைக் கேட்கட்டும். தண்டனை டிரைவருக்குப் போகாமல் பெட்டியை மாட்டச் சொன்ன முதலாளிக்கும் மாட்டிய பட்டறைக்கும் போகட்டும். பள்ளி, கல்லூரிப் பேருந்துகளை வாடகைக்கு எடுக்கும் நிர்வாகங்களும், சரக்கு அனுப்பும் ஆலைகளும் வண்டியில் கள்ளப் பெட்டி இருக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனையாக எழுதலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.