கந்தக பூமி – 17: நரிக்கு எந்தத் துப்பாக்கி?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஆடு வளர்ப்பவர்களுக்கு கோயோட் தீராத தலைவலி. ஓநாயைவிடச் சிறியது, நம்மூர் நரியைவிடக் கொஞ்சம் பெரியது. அதைச் சுட .223 ரெமிங்டன் நல்லதா, .243 வின்செஸ்டர் நல்லதா என்று அங்கே விடியவிடியப் பேசுவார்கள். உடம்பு பத்துப் பதினைந்து கிலோதான். ஆனால் இருநூறு, முந்நூறு மீட்டர் தள்ளித்தான் நிற்கும். அதனால் மூன்றரை கிராம் எடையில், நொடிக்குத் தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல் பாயும் தோட்டா போதும். ஓநாய் என்றால் இன்னும் கனமான தோட்டா வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்துச் சம்சாரிக்கு இந்தப் பட்டிமன்றமே கிடையாது. அவருக்கு எந்தத் துப்பாக்கி என்பதை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் முடிவுசெய்துவிட்டது. பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் கேட்டால், 13ஆவது பிரிவு முதலில் கைகாட்டுவது குழாயின் வாய்வழியே மருந்தும் ரவையும் போட்டு இடிக்கும் நாட்டுத் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால், உட்புறம் வழவழப்பான வேறு துப்பாக்கி தரலாம். ரைபிளுக்கு இந்த வழியில் இடமில்லை.

வெள்ளைக்காரன் காலத்துப் பயம் இது என்று ஒதுக்கிவிடலாம். பயமும் இருந்தது உண்மைதான். ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாதென்று தடை இருந்ததால், வேட்டைக்காரர்களுக்கென்று .315 என்ற தனி அளவு புழக்கத்துக்கு வந்தது. இஷாப்பூர் தொழிற்சாலை அந்த ரைபிளைச் சுதந்திரத்துக்குப் பிறகும் செய்தது. ஆனால் கரிசல் காட்டில் நின்று பார்த்தால், இந்த ஒரு விஷயத்தில் சட்டம் சொல்வது சரி என்றே எனக்குப் படுகிறது.

ரைபிள் குழாயின் உள்ளே மரை போட்டிருக்கும். அந்த மரை தோட்டாவைச் சுழற்றி அனுப்புவதால் அது தடம் மாறாமல் வெகுதூரம் போகும். குறி தப்பினால் இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டிக்கூட விழலாம். தோட்டா மண்ணில் புதைய வேண்டுமென்றால் பின்னால் மேடோ குன்றோ இருக்க வேண்டும். சாத்தூரிலிருந்து வெம்பக்கோட்டை வரை எங்கே இருக்கிறது குன்று? பொட்டல், சீமைக்கருவேலம், நடுவே அறைக்கு அறை இடைவெளி விட்டுக் கட்டிய பட்டாசு ஆலைகள். உராய்வுக்குப் பயந்து மருந்தறைக்குள் இரும்பையே அண்டவிடாத ஊர் இது. இங்கே ரைபிள் தோட்டாவை வெள்ளாமைக் காட்டில் பறக்கவிடுவது விளையாட்டல்ல.

உட்புறம் வழவழப்பான பன்னிரண்டு ‘போர்’ துப்பாக்கிக்கு அந்த ஆபத்து குறைவு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அவ்வளவு அகலம் அதன் குழாய், பெயரும் அதனால்தான். எஸ்.ஜி., எல்.ஜி. தோட்டாக்களுக்குள் இருக்கும் பெரிய ரவைகள் நாற்பது மீட்டர் வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்கு மேல் சிதறிவிடும். சிதறிய ரவை பட்ட பன்றி சாகாது, புண்ணோடு ஓடும். அதைத் தேடிப் போகிறவர் பாடு திண்டாட்டம். ரைபிளைவிட இது பாதுகாப்பு என்று நான் சொல்வதில் உள்ள ஓட்டை இதுதான்.

துப்பாக்கி புழங்காத வீடுகளில் இந்த மண்ணின் வேட்டைக் கருவி நாய்தான். சிப்பிப்பாறை இந்த மாவட்டத்து ஊர். முயலை ஓடித் துரத்திப் பிடிக்கும் ஒடிசலான நாய்க்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. பன்றி வேட்டைக்குப் பேர்போன ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்துறை தபால்தலையே வெளியிட்டது. இன்று அந்த நாயை ஏவி வேட்டையாடினாலும் குற்றம்தான். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குத் துப்பாக்கி, நாய், கண்ணி எல்லாம் ஒன்றே. ஓநாய் முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நரியும் அங்கே ஏறிவிட்டது. அந்த அட்டவணை விலங்கைக் கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. ஆகவே தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை: எந்தத் துப்பாக்கியும் இல்லை.

பட்டாசு மண்ணின் தொடரில் சொல்லியே ஆக வேண்டிய இன்னொரு ஆயுதம் உண்டு. அவுட்டுக்காய். இறைச்சிக்குள்ளோ பழத்துக்குள்ளோ வெடிமருந்தைப் பொதிந்து வைப்பார்கள்; கடித்த விலங்கின் தாடை சிதறும். உரிமம், குறி, தூரம், காவல் எதுவும் வேண்டாம். வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். யார் கடிப்பது என்பதும் வைத்தவன் கையில் இல்லை. 2020 மே மாதம் பாலக்காட்டில் கருவுற்ற யானை ஒன்று வாய் சிதைந்து ஆற்றில் நின்றபடி செத்ததை நாடே பார்த்தது. அடுத்த மாதமே திருச்சி ஜீயபுரம் பக்கம் இறைச்சியில் வெடி வைத்து நரியைக் கொன்றதாகப் பன்னிரண்டு பேர் கைதானார்கள். சிவகாசியில் இதே வகை மருந்துக்கு உரிமம், இருப்புக் கணக்கு, ஆய்வு என்று ஆயிரம் கெடுபிடி. காட்டு ஓரத்தில் அது இறைச்சித் துண்டுக்குள் கேட்பாரின்றிக் கிடக்கிறது. இதைவிடக் கோழைத்தனமான வேட்டை எனக்குத் தெரிந்து இல்லை.

நரி பயிருக்குச் செய்யும் சேதம் சொற்பம். சம்சாரியை அழவைப்பது காட்டுப்பன்றிதான். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டினால் சுடலாம். ஆனால் சுட வேண்டியவர் பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர். அதற்கு முன் கிராம அளவிலான குழு கூடிச் சொல்ல வேண்டும்.

மேற்கே வத்திராயிருப்பு, ராஜபாளையம் பக்கம் மலையடிவாரத் தோட்டக்காரர்களில் பலர் முதல் இரண்டு வளையங்களுக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக்காரர்களுக்கு மூன்றாவது வளையம் பொருந்தும். அங்கே பன்றி காட்டிலிருந்து வருவதில்லை. கண்மாய்ச் சீமைக்கருவேலத்துக்குள்ளேயே குட்டி போட்டுக் குடியிருக்கிறது. மக்காச்சோளம் கதிர் பிடித்தால் நடுச்சாமத்தில் கூட்டமாக இறங்கி, ஒரே ராத்திரியில் சாய்த்துவிட்டுப் போகும். மனு கொடுத்து, குழு கூடி, துப்பாக்கிக்காரர் வந்து சேர்வதற்குள் அறுவடைக்கு மிச்சம் இருக்குமா என்பதுதான் அந்தப் பக்கத்துச் சம்சாரியின் கேள்வி.

(தொடரும்)